ஏழு அழைப்புகள், ஒரு தோப்பு: எந்த வயல்விழாவுக்குப் போவது?

கேள்வி: நான்கு ஏக்கரில் மா, கொய்யா, எலுமிச்சை வைத்திருக்கிறேன். மரங்களுக்கு ஆறு வயது. போன ஆண்டு மட்டும் ஐந்து பயிற்சிகளுக்கும் வயல்விழாக்களுக்கும் போய் வந்தேன். நோட்டு நிறையக் குறிப்பு, பை நிறையக் கையேடு. தோப்பில் எதுவும் மாறவில்லை. மாவில் பூ நன்றாக வருகிறது, பிஞ்சு நிற்பதில்லை. கொய்யா திரண்டதும் புழு. எலுமிச்சையில் சில மரங்கள் மஞ்சளாகின்றன. வரும் மாதங்களில் ஏழு நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு வந்திருக்கிறது: கொய்யா கவாத்து செயல்விளக்கம், காய் முற்றும் நேரத்தில் மா அடர்நடவு வயல்விழா, தெளிப்பான் பயிற்சி, எலுமிச்சை நோய்க் கருத்தரங்கு, புதிய பழப்பயிர் அறிமுகம், இரண்டு நாள் கண்காட்சி, மண் மற்றும் இலை ஆய்வு பற்றிய இணைய வகுப்பு. எல்லாவற்றுக்கும் போக முடியாது. எதைத் தேர்ந்தெடுப்பது? போனால் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஐந்து நாள் போய் வந்தும் தோப்பில் ஒன்றும் மாறவில்லை என்ற வரியைப் படித்தபோது மனசு கனத்தது. ஒரு நாள் தோப்பை விட்டுப் போவது சின்ன விஷயம் இல்லை. தண்ணீர் திறந்துவிட ஆள் சொல்ல வேண்டும், பறித்த காயை யாராவது எடை பார்க்க வேண்டும், திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். அதனால் உங்கள் கேள்விக்குப் பொதுவாக ஏதோ சொல்லி முடிக்காமல், ஏழு அழைப்புகளையும் ஒவ்வொன்றாகவே பார்த்துவிடலாம்.

அதற்கு முன் ஒன்று. இந்த ஏழும் நடத்துபவர்கள் போட்ட பட்டியல். உங்கள் பட்டியலை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள்: மாவில் பிஞ்சு உதிர்வு, கொய்யாவில் புழு, எலுமிச்சையில் மஞ்சள். எந்த அழைப்பு வந்தாலும் தேதியைப் பார்த்ததும் 'அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறதா' என்று யோசிப்போம். நான் யோசிக்கச் சொல்வது வேறு: அன்றைக்கு மரம் எந்த நிலையில் இருக்கும்? உங்கள் குறை மரத்தில் எப்போது கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்தச் சமயத்தில் நடக்கும் வயல்விழாவில்தான் அதற்கான விடையும் கண்ணுக்குத் தெரியும். மற்ற நாட்களில் பேச்சாகத்தான் கேட்க முடியும். போன ஆண்டு போன ஐந்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மரத்தில் பூவோ பட்டாணி அளவுப் பிஞ்சோ இருந்தபோது எத்தனை மாந்தோப்புகளுக்குள் நடந்தீர்கள்?

மாவையே எடுத்துக்கொள்வோம். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். அவை காயாகப் போவதில்லை. இருபால் பூக்களிலும் நூற்றுக்கு ஒன்றுகூட அறுவடை வரை நிற்பதில்லை. ஆக, உதிர்வது இயற்கை. அளவுக்கு மேல் உதிர்கிறதா, எதனால் உதிர்கிறது என்பதே கேள்வி. அதை பூவும் சின்னப் பிஞ்சும் இருக்கும் அந்தச் சில வாரங்களில் மட்டுமே பிரித்துப் பார்க்க முடியும். பூக்காம்பில் கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும் இருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்ற பூசண நோய். வெள்ளை மாவு பூசியது போலிருந்தால் சாம்பல் நோய். காலையில் கொத்தை லேசாகத் தட்டியதும் சின்னச் சின்னப் பூச்சிகள் துள்ளிப் பறந்து, கீழ் இலைகளில் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் இருந்தால் தத்துப்பூச்சி. இவை ஒன்றுமே இல்லாமல் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சு சுத்தமாக உதிர்ந்தால் தண்ணீர்ப் பற்றாக்குறையை முதலில் சந்தேகிக்க வேண்டும். காய் முற்றியபின் நடக்கும் வயல்விழாவில் இந்தத் தடயங்களில் ஒன்றும் மிச்சமிருக்காது. அங்கே நிற்பது தப்பிப் பிழைத்த காய்கள் மட்டுமே.

அதனால் மா அடர்நடவு வயல்விழாவுக்கு இந்த ஆண்டு போக வேண்டாம் என்பது என் கருத்து. அடர்நடவு இனிமேல் நடப்போகிறவர்களுக்கான பாடம். உங்கள் மரங்கள் ஏற்கெனவே ஆறு வயதில் தங்கள் இடைவெளியில் நிற்கின்றன. பக்கத்தில் புதிதாக ஒரு துண்டு நிலத்தில் நடும் எண்ணம் இருந்தால் மட்டும் போங்கள். போனால் மூன்று வயதுத் திடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பத்து வயதான அடர்நடவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மரம் நெருங்கியபின் ஆண்டு தவறாமல் கவாத்து செய்தாக வேண்டும். அதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் ஆகிறது என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேளுங்கள்.

ஏழில் நான் முதலில் தேர்ந்தெடுப்பது தெளிப்பான் பயிற்சி. உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், மூன்று குறைகளில் 'தெளிப்பு' என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் பல தோப்புகளில் நான் பார்த்தது இதுதான்: மருந்து சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், அது போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போயிருக்காது.

நல்ல தெளிப்பான் பயிற்சியில் ஒரு சோதனை செய்வார்கள். நீர்பட்டால் நிறம் மாறும் மஞ்சள் தாள், ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். கையுறை போட்டுத்தான் தொடுவார்கள், ஏனென்றால் விரலின் ஈரம் பட்டாலே நீலப் புள்ளி விழுந்துவிடும். மரத்தின் உச்சியில் ஒன்று, நடுக் கிளைக்குள்ளே ஒன்று, ஒரு இலையின் அடிப்பக்கத்தில் ஒன்று என்று கவ்வியால் மாட்டுவார்கள். பிறகு வெறும் தண்ணீரை வழக்கம் போலத் தெளிக்கச் சொல்வார்கள். தெளித்து முடிந்ததும் தாள்களை இறக்கி ஒரு பலகையில் வரிசையாக வைப்பார்கள். வெளிப்பக்கத் தாள் முழுக்க நீலமாகி நீர் வழிந்திருக்கும். உள்ளே இருந்ததில் ஆங்காங்கே புள்ளி. உச்சியிலும் இலையின் அடியிலும் இருந்தவை பல சமயம் மாட்டியபோது இருந்த அதே மஞ்சளில் திரும்பி வரும். உங்கள் மாமரத்தில் பூங்கொத்துகள் எங்கே இருக்கின்றன? கிளை நுனிகளில், பெரும்பாலும் உச்சியில். பூசணக்கொல்லி அந்த உச்சியைத் தொடவில்லை என்றால் எத்தனை முறை அடித்தும் பயனில்லை. இந்தச் சோதனையை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் அதன்பின் பழைய மாதிரி தெளிப்பதை நான் பார்த்ததில்லை.

அதே பயிற்சியில் தெளிப்பான் முனையின் தேய்மானத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முனையின் அடியிலும் அளவுக்குவளை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பார்ப்பதுதான். புதிய முனைக்குக் குறித்த அளவைவிட நூற்றுக்கு பத்துக்கு மேல் கூடுதலாக வந்தால் அந்த முனையை மாற்றிவிட வேண்டும். இதை வீட்டில் நீங்களே செய்யலாம். அப்புறம், பூ முழுதாக மலர்ந்திருக்கும் நாட்களில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள். மாவின் மகரந்தச் சேர்க்கையில் ஈக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவற்றைக் கொன்றுவிட்டுப் பிஞ்சை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து எலுமிச்சை நோய்க் கருத்தரங்கு. இதற்குப் போங்கள், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். மஞ்சளான இலை ஒன்றைப் பறித்து நடுநரம்பை மையமாக வைத்து இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், இடது பாதியும் வலது பாதியும் கண்ணாடியில் பார்ப்பது போல ஒரே மாதிரியும் இருந்தால் துத்தநாகம் போன்ற சத்துக் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பாதியில் மஞ்சள் திட்டு ஓரிடத்தில், மறுபாதியில் வேறிடத்தில் என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் கவலைப்பட வேண்டும். சிட்ரஸ் கிரீனிங் என்னும் நோயின் அடையாளம் அது. சில்லிட் என்ற சின்னப் பூச்சியாலும், நோயுள்ள மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சியாலும் பரவுகிறது. நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த வழியில்லை, பரவாமல் தடுப்பதுதான் இருக்கிறது. கண்ணால் பார்த்தே முடிவு கட்டிவிடவும் கூடாது. உறுதி செய்ய ஆய்வகப் பரிசோதனை வேண்டும். மாதிரியை எங்கே, எப்படி அனுப்புவது என்பதைக் கருத்தரங்கில் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இலையையோ கிளையையோ கருத்தரங்குக்கு எடுத்துப் போகாதீர்கள். பூச்சியும் கூடவே பயணம் செய்து, அங்கே வந்திருக்கும் இன்னொருவர் தோப்புக்குப் போய்ச் சேரும். படம் எடுத்துக்கொண்டு போங்கள். இலையின் படம் ஒன்று, கிளையின் படம் ஒன்று, மரம் முழுவதும் தெரியும்படி ஒன்று. இந்த மூன்றையும் விட உதவுவது நான்காவதாக ஒரு தாளில் நீங்கள் கையால் வரையும் தோப்பின் வரைபடம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வட்டம், மஞ்சளான மரத்துக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி. தாழ்வான மூலையில் எல்லாம் சேர்ந்திருந்தால் வடிகால் பிரச்சினை, வேரழுகல். வரிசையின் ஓரத்தில் மட்டும் என்றால் பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லி காற்றில் வந்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்து மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் நோய். அந்த ஒரு தாளை நீட்டினால் எந்த நிபுணரும் உங்களோடு பத்து நிமிடம் கூடுதலாக நின்று பேசுவார். 'மரம் மஞ்சளாகிறது, என்ன செய்ய?' என்று கூட்டத்தில் எழுந்து கேட்டால் கூட்டத்துக்கு ஏற்ற பொதுவான பதில்தான் கிடைக்கும்.

இணைய வகுப்பை விட்டுவிடாதீர்கள். இலை மாதிரி எப்படி எடுப்பது என்பதைத் தோப்பில் நின்றுதான் கேட்க வேண்டும் என்பதில்லை, வீட்டில் உட்கார்ந்தே கேட்கலாம். ஒவ்வொரு பயிருக்கும் எந்த இலை, எந்த வயதில் என்று ஒரு வரையறை உண்டு. எலுமிச்சை வகைகளில் காய் இல்லாத கிளையிலிருந்து, நான்கிலிருந்து ஆறு மாத வயதுள்ள இலை. மாவில் புதுக் கொழுந்தை எடுக்கக் கூடாது, முற்றிய இலை வேண்டும். நோயுள்ள மரத்தின் இலையையும் நல்ல மரத்தின் இலையையும் ஒரே பையில் கலந்துவிட்டால் அந்த ஆய்வுக்கே அர்த்தமில்லை. இரண்டு பை, இரண்டு முடிவு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

கொய்யா கவாத்து செயல்விளக்கத்துக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். உங்கள் தோப்பில் கவாத்துக் கத்தரி யார் கையில் இருக்கிறதோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உரிமையாளர் போய்க் கேட்டுவிட்டு வந்து வேலை செய்கிறவரிடம் வாயால் சொல்வதில் பாதி வழியிலேயே தொலைந்துவிடுகிறது. கிளை அடியில் இருக்கும் வீங்கிய வளையத்தை விட்டு வெட்டுவது எப்படி என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த வளையத்தில்தான் காயத்தை மூடும் திசு இருக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து இதைத் தெளிவாக்கினார். தண்டோடு ஒட்ட வெட்டினால் வளையம் போய்விடும், அழுகல் உள்ளே இறங்கும். நீளமாகக் குச்சி விட்டு வெட்டினாலும் காயம் மூடாது. உங்களோடு வந்தவருக்குக் கத்தரியைக் கொடுத்து நாலு வெட்டு வெட்டவிடுங்கள், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று திருத்தட்டும். அவருடைய அன்றைய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. கொய்யா புதுத்தளிரில் பூக்கும். அதனால் கவாத்து செய்ததும் தளிர் வரும், தளிரோடு பூவும் வரும். மா அப்படி இல்லை. முற்றிய நுனிக் கிளையில்தான் பூக்கும். ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒருவர் கொய்யா செயல்விளக்கத்தில் பார்த்ததில் அவ்வளவு உற்சாகமாகி, வீட்டுக்கு வந்த வாரமே மாமரங்களையும் அதே மாதிரி தலை வெட்டினார். பூவுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. மரம் முழுக்கச் செம்புநிறத் தளிர் தள்ளி அழகாக நின்றது. அந்த ஆண்டு ஒரு கொத்துப் பூ இல்லை. கவாத்து தவறில்லை, பயிரும் காலமும் தவறு. மாவில் கவாத்து என்றால் அறுவடை முடிந்த கையோடு செய்துவிட வேண்டும், புதுக் கிளை முற்ற அப்போதுதான் நேரம் கிடைக்கும். ஒரு பயிரில் பார்த்ததை இன்னொரு பயிருக்குக் கொண்டுபோகும் முன், அது எந்தக் கிளையில் பூக்கிறது என்று கேளுங்கள்.

புதிய பழப்பயிர் அறிமுகம் வேண்டாம். இருக்கும் மூன்று பயிரும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. கண்காட்சிக்கு, தெளிப்பானோ சொட்டுநீர்க் கருவியோ வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு நாள் போதும். நாலு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேறு இடம் கிடைக்காது. பெரிய கண்காட்சிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. இத்தாலியின் போல்சானோவில் ஆப்பிளுக்கென்றே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இன்டர்போமா போன்றவற்றில் அரங்குகளோடு தோப்புச் சுற்றுலாவும் உண்டு. அப்படித் தோப்புக்குள் அழைத்துப் போகிற பகுதி உங்களுக்கு வந்த அழைப்பிலும் இருந்தால் அந்த நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, போன இடத்தில் எதைப் பார்ப்பது? முதலில் ஒன்றும் செய்யாத வரிசை எங்கே என்று கேளுங்கள். புது உரமோ புது மருந்தோ போட்ட மரத்தைக் காட்டுவார்கள். காய் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதே மண்ணில், அதே வயதில், அதைப் போடாமல் விட்ட மரம் பக்கத்தில் இல்லை என்றால் அந்தக் காய்க்கு யார் காரணம் என்று சொல்ல வழியே இல்லை. நல்ல மழை காரணமாக இருக்கலாம், நல்ல மண்ணாக இருக்கலாம். எத்தனை மரத்தில் செய்தார்கள், எத்தனை ஆண்டாகப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பழமரத்தில் ஓராண்டுக் கணக்கை நம்பவே கூடாது. மா போன்ற மரங்கள் ஓராண்டு அதிகம் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும். ஓய்வு முடிந்த ஆண்டில் எதைப் போட்டாலும் அது வெற்றி போலவே தெரியும். குறைந்தது இரண்டு அறுவடையைச் சேர்த்துக் கேளுங்கள். வேர்ச்செடி, அதாவது ஒட்டுக்கட்ட வேரோடு இருக்கும் அடிச்செடி, பற்றிய சோதனைகளைப் பத்தாண்டு வரை நடத்துகிறார்கள். இன்று உலகெங்கும் ஆப்பிள் தோப்புகளில் இருக்கும் எம் 9 என்ற குட்டை வேர்ச்செடி இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையத்தில் 1910களில் வகைப்படுத்தப்பட்டது. நூறாண்டு கழிந்தும் அதை மற்றவற்றோடு வைத்து ஒப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மரத்தின் வேகம் அப்படி.

மண்குழி தோண்டி வைத்திருந்தால் சுற்றி நின்று எட்டிப் பார்க்காதீர்கள், உள்ளே இறங்குங்கள். மரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டியிருப்பார்கள். சின்னக் கத்தியால் பக்கச் சுவரை மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கத்தி இறங்காது. அங்கே வேரைப் பாருங்கள், நேராக இறங்கிக்கொண்டிருந்த வேர் அந்த இடத்தில் முழங்கை மடங்கியது போல் திரும்பிப் படுத்திருக்கும். அதற்குக் கீழே இறங்கும் தண்ணீரும் உரமும் மரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று புரிய எந்தச் சொற்பொழிவும் தேவைப்படாது. வீட்டுக்கு வந்து உங்கள் எலுமிச்சை வரிசையின் ஓரத்தில் அதே மாதிரி ஒரு குழி வெட்டிப் பாருங்கள்.

பொருள் விற்கும் நிறுவனம் நடத்தும் வயல்விழாக்களுக்குப் போவதில் தவறில்லை. ஆனால் நான் மேலே சொன்ன கேள்விகளை அங்கே கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். கூடுமானால் திடல் யாருடைய தோப்போ அவரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். 'மொத்த எடை கூடியதா, முதல் தரக் காய் கூடியதா? வேலை எத்தனை நாள் கூடியது? அடுத்த ஆண்டு உங்கள் சொந்தச் செலவில் செய்வீர்களா?' கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

விவசாயியின் சொந்த நிலத்தில் நடக்கும் செயல்விளக்கத்துக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நடப்பதைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1903இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டெரல் என்ற ஊரில் சீமன் நாப் என்பவர் இதைத்தான் தொடங்கினார். அரசுப் பண்ணையில் காட்டினால், 'அவர்களுக்கு ஆளும் பணமும் இருக்கிறது, நம்மால் ஆகாது' என்று விவசாயிகள் போய்விடுகிறார்கள் என்று கண்டு, ஒரு விவசாயியின் நிலத்திலேயே, அவர் கையாலேயே செய்ய வைத்தார். நட்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள், அது தேவைப்படவில்லை. உங்களைப் போல நான்கு ஏக்கரும் இரண்டு ஆளும் வைத்திருப்பவர் செய்து காட்டினால் அது உங்களாலும் ஆகும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயல்விழா நாளில் ஐம்பது தோப்புகளின் மண் ஒரே தோப்பில் வந்து சேர்கிறது, மாலையில் ஐம்பது தோப்புக்கும் திரும்பிப் போகிறது. வாழையில் டி.ஆர்.4 என்ற வாடல் நோய்ப் பூசணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிய ஒரு கைப்பிடி மண் அதைக் கொண்டுபோகப் போதும். 2015இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் டல்லி பகுதியில் அது தென்பட்டபின் அங்கே தோப்புகளுக்கு வேலியும் வாசலும் போட்டு, உள்ளே வருகிறவர் காலணியைக் கழுவிவிட்டுத்தான் வர வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்களிடம் வாழை இல்லை, ஆனால் எலுமிச்சையின் வேரழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோராவும் ஈரமண்ணில்தான் பயணம் செய்கிறது. முதலில் காலணியில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் சுரண்டி எடுங்கள், அப்புறம் காலணியைக் கிருமிநாசினியில் நனையுங்கள். மண் ஒட்டியிருக்கும்போதே கிருமிநாசினியில் முக்கினால் மண் அதன் வீரியத்தைக் குடித்துவிடும்.

அதே போல, 'நல்ல ரகம், ரெண்டு குச்சி எடுத்துட்டுப் போங்க' என்று யாராவது அன்போடு கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தோப்பிலிருந்து எலுமிச்சை ஒட்டுக்குச்சி கொண்டுவந்து இன்னொருவருக்குக் கொடுத்தேன். தாய்மரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்த ஒட்டுக்கன்றுகள் ஒவ்வொன்றாக நின்ற இடத்திலேயே குன்றின. அந்தக் குடும்பம் என்னிடம் ஒரு கடிந்த சொல்கூடச் சொல்லவில்லை. கன்றுகளைப் பிடுங்கி எரிக்கும்போது நானும் கூட நின்றேன். நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. பரிசோதித்துச் சான்று பெற்ற தாய்மரத்திலிருந்து வராத குச்சி எதுவும் என் கையால் அதன்பின் ஒரு தோப்பிலும் நுழைந்ததில்லை.

திரும்பி வந்தபின் நடப்பதில்தான் உங்கள் ஐந்து நாளும் நழுவியிருக்கின்றன என்று நினைக்கிறேன். நோட்டில் இருபது குறிப்பு இருந்தால் ஒன்றும் நடக்காது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு செயலைத் தேர்ந்தெடுங்கள், வந்த மூன்று நாளுக்குள் தொடங்கிவிடுங்கள். தோப்பு முழுக்கச் செய்ய வேண்டாம். ஐந்து மரத்தில் செய்யுங்கள், அதே வரிசையில் ஐந்து மரத்தை அப்படியே விடுங்கள். இரண்டுக்கும் இரண்டு நிறத்தில் துணி கட்டுங்கள். ஓர வரிசை மரங்களை இதில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதல். அறுவடையில் இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். இப்போது திடலும் உங்களுடையது, ஒன்றும் செய்யாத வரிசையும் உங்களுடையது.

ஏழு அழைப்பில் இல்லாத ஒன்று மிச்சமிருக்கிறது: கொய்யாப் புழு. அது பழ ஈ. தாய் ஈ பழம் முற்றத் தொடங்கும்போது தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. புழு உள்ளே வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈக்களைத்தான் இழுக்கும், முட்டையிடும் பெண்ணை இழுக்காது. அதனால் நாலு பொறி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பிஞ்சு சின்னதாக இருக்கும்போதே பொறி வைக்க வேண்டும், விழுந்த பழத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பொறுக்கி அரை மீட்டருக்குக் குறையாத மண் மேலே இருக்கும்படி ஆழப் புதைக்க வேண்டும், முடிந்த மரத்தில் காய்க்கு உறை போட வேண்டும். இவ்வளவும் நீங்கள் மட்டும் செய்து பக்கத்துத் தோப்பில் பழம் அழுகிக் கிடந்தால் ஈ வேலி தாண்டி வரும். இந்தக் குறை தனியாளால் தீராது.

ஆகவே எட்டாவது நிகழ்ச்சியை நீங்களே நடத்துங்கள். பந்தல் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். 1989இல் இந்தோனேசியாவில் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கியபோது அப்படித்தான் செய்தார்கள். மருந்து அடிக்க அடிக்கச் சிலந்திகள் செத்து, நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகி, நெல் கருகிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து பேர் அளவில் வாரம் ஒருமுறை, பயிர்க்காலம் முழுவதும் வயலில் கூடினார்கள். குழுக்குழுவாக வயலுக்குள் இறங்கி எண்ணினார்கள்: இத்தனை புகையான், இத்தனை சிலந்தி. வெளியே வந்து பெரிய தாளில் பயிரையும் பூச்சியையும் படமாக வரைந்து, மருந்து அடிப்பதா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். நெல்லுக்குத் தொடங்கியது பின்னர் பல நாடுகளில் வேறு பயிர்களுக்கும் போனது.

உங்கள் மாவில் பூ பாதி மலர்ந்திருக்கும் ஒரு காலை நேரத்தில் சுற்றியிருக்கும் ஆறேழு தோப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள். எலுமிச்சைக் கருத்தரங்கில் பழகிய நிபுணர் ஒருவரையும் கேட்டுப் பாருங்கள். எலுமிச்சைத் தோப்பின் வரைபடத்தைக் காட்டினீர்கள் என்றால் பெரும்பாலும் வருவார். வாசலில் தூரிகையும் ஒரு தொட்டியும் வையுங்கள். அன்றைக்கு மாவைப் பாருங்கள், பழ ஈப் பொறியை எல்லாத் தோப்பிலும் ஒரே வாரத்தில் மாட்டுவது என்று ஒரு தேதி பேசி முடியுங்கள்.

அதற்கு முந்தின நாளே ஒரு வேலை செய்துவிடுங்கள். ஐந்து மரத்தில், மரத்துக்கு இரண்டாகப் பத்துப் பூங்கொத்துக்கு நாடா கட்டி எண் போடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போது ஒரு முறை, கோலிக்குண்டு அளவில் ஒரு முறை, அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு முறை எண்ணி எழுதுங்கள். எந்த இடைவெளியில் எண்ணிக்கை சட்டென்று விழுகிறது என்பது தெரிந்தால் காரணத்தைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. அந்தத் தாளின் படத்தோடு எனக்கு மறுபடியும் எழுதுங்கள், அடுத்த ஆண்டின் அழைப்புகளை அதை வைத்துத் தேர்ந்தெடுப்போம்.